ஆறு பேர் ஆடலாம்

கண்ணாடிக் கடைக்காரியை அவள் அண்ணன் வீட்டை விட்டு அனுப்பியதற்குத் தெருவில் சொல்லப்படும் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஐந்து வயதுப் பிள்ளையை விளையாட்டில் ஜெயித்துவிட்டாளாம். இதைக் கேட்ட தையல்காரர் "அடப் பாவமே" என்றார். யாரைச் சொன்னார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. காரணத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவளுடைய அண்ணி. பொய் என்று சொல்ல முடியாது. முன்பாதியை நறுக்கிவிட்டுக் கொடுத்த உண்மை.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஏன் கூடிவரவில்லை என்பதற்குத் தெருவிடம் நாலு பதில் உண்டு, அவளிடம் ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக லென்ஸ் பொருத்துகிறாள். அண்ணன் வீட்டில் சமையலறையை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. போன மாதம் அண்ணி அந்த அறைக்குள் நாடாவோடு வந்து ஜன்னலை அளந்தாள்.

"சும்மாதான், திரை மாத்தலாம்னு."

ஏழு வருஷமாக நிறம் வெளுத்துத் தொங்கிய திரைக்குத் திடீரென்று என்ன யோகம்? மூத்த பெண்ணுக்கு ஏழு வயது, தனி அறை கேட்கிற வயது. கண்ணாடிக் கடைக்காரிக்கு அதைப் புரிந்துகொள்ளக் கண்ணாடி தேவைப்படவில்லை.

ஆனால் அவளுக்கும் ஒரு பிடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் குறட்டை விடுவான், அண்ணி போனில் அக்காவோடு உலகத்தைத் திருத்துவாள், பிள்ளைகள் இரண்டும் அத்தையைச் சுற்றிக்கொள்ளும். அத்தை ஒவ்வொரு வாரமும் தோற்பாள். கட்டத்தைத் தப்பாக எண்ணுவாள், நல்ல அட்டையைத் தெரியாமல் போடுவதுபோலப் போடுவாள். பெரியவள் பகடை பிடிக்கப் பழகிய நாளிலிருந்து ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறவரை தன்னை யாரும் கிளப்ப முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பழைய ஆட்டத்தின் பகடையைச் சின்னவன் கடித்துக் கடித்து, எப்படி உருட்டினாலும் மூன்றே விழும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டான். புது ஆட்டம் வாங்க வேண்டும் என்றானது.

"நீயே பார்த்து வாங்கிட்டு வாம்மா," என்றான் அண்ணன். "உன்கூடத்தானே ஆடுதுங்க."

"ரெண்டு மணி நேரம் சத்தம் வராம இருக்கிற மாதிரி ஒண்ணு பாரு," என்றாள் அண்ணி.

இந்த ஒரு பேச்சை மெடல்போல மாட்டிக்கொண்டு அவள் மூன்று நாள் பொம்மைக் கடைக்கு நடந்தாள். ஒரு ஆட்டத்தில் மணிமணியாய்க் காய்கள். சின்னவன் மூக்குக்குள் போட்டுக்கொள்வான். ஒன்றில் நிறையப் படிக்க வேண்டும். இன்னொன்று அழகாகத்தான் இருந்தது, ஆனால் நாலே காய்.

"வீட்ல எத்தனை பேரு மேடம்?" என்றாள் கடைப்பெண்.

"அஞ்சு."

"நாலு பேர் ஆடட்டும், ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கலாமே."

"அந்த வேலையை நான் ஏற்கெனவே செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன். ஆறு காய் இருக்கிறதைக் காட்டு."

கடைசியில் கிடைத்தது. பலகை முழுக்க ஒரு பெரிய வீடு, இருபது அறைகள். ஆறு பேர் ஆடலாம், ஐந்து வயதிலிருந்து. பகடை உருட்டிப் போய்ச் சேர்கிற அறையில் உன் கதவை வைத்தால் அறை உனக்கு. கையில் சாவி அட்டை இருந்தால் அடுத்தவர் அறையையும் பிடுங்கலாம். பூட்டு அட்டை வந்தால் உன் முறையை விட வேண்டும். எறும்பு வரிசைபோல அச்சடித்த விதித்தாளைக் கடையிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள். வீட்டில் வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணன்கூடக் குறட்டையை ஒத்திவைத்தான். அத்தை விதிகளைச் சொன்னாள், எல்லோரும் கேட்டார்கள். அந்த வீட்டில் அவள் பேசி எல்லோரும் கேட்டது அதுவே முதல் தடவை. முகம் பூரித்துப் போயிற்று அவளுக்கு. முதல் உருட்டில் சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறை வந்தது. கதவை எடுத்து வைத்தாள்.

"அத்தை, அங்க வைக்காதே," என்றாள் பெரியவள். "அது என் ரூம்."

"நீ இன்னும் அங்க வரவே இல்லையேடி."

"இதுல இல்ல, நிஜத்துல. லீவு முடிஞ்சதும் எனக்குத்தான். அம்மா சொன்னாங்க."

"அத்தை ஹாஸ்டலுக்குப் போறாங்க," என்று சின்னவன் தன் பங்குக்குச் சேர்த்தான். "அங்க டிவி இருக்கு."

அண்ணி தன் அட்டைகளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "இதுங்க முன்னாடி வாயைத் திறக்க முடியுதா."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "சரி சரி, யார் ஆட்டம்?"

அத்தை பிள்ளைகளைப் பார்த்தாள். வருத்தப்படும் என்று எதிர்பார்த்த முகங்கள் அவை. பெரியவள் அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் பகடைக்காகக் கையை நீட்டினான்.

"நான் போயிட்டா உங்களுக்கு யாருடா விளையாட வருவா?"

"அதான் புது கேம் இருக்கே," என்றான் சின்னவன்.

அதன் பிறகு அவள் கட்டங்களைச் சரியாக எண்ணினாள். முதல் சாவியில் பெரியவளின் மாடி அறை போனது. இரண்டாவதில் சின்னவனின் தோட்டத்து அறை. அவன் உதடு பிதுங்கியது. மூன்றாவது சாவியை அவனுடைய கடைசி அறைமேல் வைத்தாள்.

"குழந்தை அழுது, விட்டுக் குடேன்," என்றான் அண்ணன்.

"நீ எனக்கு விட்டுக் குடுக்கிறியாண்ணே?"

அண்ணன் தன் அட்டைகளை அடுக்கத் தொடங்கினான்.

"சின்னப் பிள்ளைகிட்டப் போய் இப்படியா?" என்றாள் அண்ணி.

"விதியில அப்படித்தான் இருக்கு அண்ணி. வேணும்னா படிச்சுப் பாருங்க."

கடைசியில் பலகையில் பதினேழு அறை அவளுக்கு. சின்னவன் தரையில் புரண்டான், பெரியவள் பலகையைக் கவிழ்த்தாள். சாயங்காலம் டீ ஆறுவதற்குள் சங்கதி ஏழு வீட்டுக்குப் போய்விட்டது. அனுப்பக் காரணம் தேடித் தவித்த அண்ணிக்கு அதை அட்டைப்பெட்டியோடு வாங்கிக் கொடுத்தவள் இவள்தான். பத்தாம் நாள் இரண்டு பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போனாள். பிள்ளைகள் வாசலில் நின்று கையாட்டின, பெரியவள் பாதியிலேயே உள்ளே ஓடிவிட்டாள். புது அறையில் கட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹாஸ்டலில் அவள் போன் அடித்தது.

"அத்தை, ரூல் பேப்பரைக் காணோம்," என்றாள் பெரியவள். 'எப்படி இருக்கே' எல்லாம் கிடையாது. "பூட்டு வந்தா எத்தனை ஆட்டம் சும்மா உட்காரணும்?"

தாள் அவளுடைய கண்ணாடிப் பெட்டிக்குள் நாலாக மடிந்து கிடந்தது. பிரித்தாள். 'ஒரு முறை மட்டும்' என்று இருந்தது.

"யாருக்கு வந்திருக்கு?"

"தம்பிக்கு."

"ஆட்டம் முடியற வரைக்கும் கண்ணு."

"முடியற வரைக்குமா?"

"ஆமா. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரணும். பேசக் கூடாது. உனக்கு வந்தாலும் அப்படித்தான்."

"சரி அத்தை," என்று போனை வைத்தது குழந்தை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அந்த வீட்டில் ஏதாவது ஒரு பிள்ளை வீறிடுகிறது. பாவம், அத்தையை நினைத்து ஏங்குகிறதுகள் என்கிறார் தையல்காரர்.