மாடியில் பேசியது

குடும்பக் குழுவிலிருந்து நாத்தனார் வெளியேறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ‘நம்ம வீடு’ என்று அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்து, பதினொரு பேரையும் ஒவ்வொருவராகச் சேர்த்தவரே அவர்தான். அவர் போனதற்கு அடையாளமாகச் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி கிடந்தது. மூத்த மருமகள் அதை அடுப்படியில் நின்றபடி படித்தாள். கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

மதியத்துக்குள் அது கைதவறல் இல்லை என்று தெரிந்துவிட்டது. தன் அக்காவான நாத்தனாரிடமிருந்து அழைப்பு வந்ததும் மருமகளின் கணவன் பின்வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். திரும்பி வந்தபோது முகம் சுருங்கிக் கிடந்தது.

“அக்கா அனுப்புற வாய்ஸ் மெசேஜை நீ ரெட்டை வேகத்துல ஓட்டிக் கேப்பியாமே?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்படிக் கேட்டாலும் முடிய மாட்டேங்குதுன்னு சொன்னியாம். அதுகூடப் பரவாயில்ல. அவ பையனுக்குப் பேசி வெச்ச சம்பந்தம் முறிஞ்சுதே, அது அவ வாயாலதான்னு சொன்னியா?”

“யாரு சொன்னாங்க?”

“நீ சொன்னியா இல்லியா?”

சொன்னாள்தான். இல்லையென்று சாதிக்க அவளுக்கு வாய் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம், மொட்டைமாடியில், ஈரத் துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார். அவர் அனுப்பும் குரல் செய்திகள் ஏழு நிமிடம், எட்டு நிமிடம் என்று நீளும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது, பேச்சு வாக்கில் எங்கெங்கோ போய்விட்டது. ஆனால் அங்கே கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒருத்திதான். கொழுந்தனின் மனைவி.

அவளை வீட்டில் எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி உடம்பு, படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறும் நடை. மழலைப் பள்ளி ஒன்றில் வேலை. கல்யாணமாகி வந்து ஆறு வருடமாகிறது. மூத்தவள் கீழ்த்தளம், சிட்டு மேல்தளம். இத்தனை வருடத்தில் இரண்டு ஓரகத்திகளுக்கும் இடையில் ஒரு சின்ன மனக்கசப்பு வந்ததில்லை என்று உறவில் பெருமையாகவே பேசிக்கொள்வார்கள்.

“அக்கா அப்படியே ஒப்பிச்சா,” என்றான் கணவன். “நீ இழுத்து இழுத்துப் பேசுவியே, அதே மாதிரி. யாரு சொன்னாங்கன்னு கேட்டா, ‘எனக்குத் தெரியும், எப்படின்னு கேக்காதே’ன்னுட்டா.”

மூத்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். சட்டத்துக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் பொறுப்பு. அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்பவருக்கு நாள் முழுக்கத் தலைவலி. அதனால் எதையும் இரண்டு முறை அளக்காமல் விடமாட்டாள். இந்த விஷயத்தையும் அப்படித்தான் அளந்தாள். மாடியில் இருந்தது இரண்டே பேர். சொன்னது அட்சரம் பிசகாமல் போயிருக்கிறது. வெறும் நினைவிலிருந்து ஒருத்தியால் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே பதிவு செய்திருக்கிறாள்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது. சிட்டுவின் போன் அன்றைக்குக் கைப்பிடிச் சுவரின் மேல்தான் இருந்தது. அதுவும் குப்புற. எதற்காகக் குப்புற வைக்க வேண்டும்? நடுவில் ஒரு தடவை அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாளே, அது எதற்கு?

திங்கட்கிழமை மாலை சிட்டு படியில் எதிர்ப்பட்டபோது நூல் விட்டுப் பார்த்தாள். நாத்தனாரை இருவரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அண்ணி குழுவை விட்டுப் போயிட்டாங்க, பாத்தியா?”

“பாத்தேன்க்கா. என்னாச்சாம்?”

என்னாச்சாம்! பால் குடிக்கும் பிள்ளை மாதிரி எப்படிக் கேட்கிறாள் பார் என்று மூத்தவளுக்கு உள்ளே எரிந்தது. “தெரியல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கடையில் வாடிக்கையாளர்கள் மேசைமேல் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார்கள். இத்தனை நாள் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு போனும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பது போலத் தோன்றியது. கண் பரிசோதிக்கும் பெரியவர் அதற்கு நெய் வார்த்தார்.

“நாம பேசுறதெல்லாம் அது கேக்குதும்மா. முந்தாநாள் எனக்கு முதுகு வலின்னு சும்மா சொன்னேன். சாயங்காலம் பாத்தா மெத்தை விளம்பரமா வருது.”

வீட்டுக்கு வந்ததும் தன் போனைப் பாத்திர அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கணவன் பார்த்துவிட்டு, “என்ன, போனுக்குத் தனிக்குடித்தனமா?” என்றான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்து ஒரு பொய்யை விதைத்துப் பார்த்தாள். வேலையை விட்டுவிடப் போவதாகவும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சிட்டுவிடம் காதும் காதும் வைத்தாற்போலச் சொன்னாள். நாத்தனார் காதுக்குப் போனால் தம்பியிடம் கேட்காமல் இருக்கமாட்டார். நான்கு நாள் காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. சிட்டுவைத் தவறாக நினைத்துவிட்டோமோ என்று வேறு ஒருத்தியாக இருந்தால் யோசித்திருப்பாள். உஷாராகிவிட்டாள் என்றுதான் மூத்தவளுக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் சிட்டுவின் போன் கீழே விழுந்து திரை விரிசல் விட்டது. கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே போன் பழுதுபார்க்கும் கடை. சிட்டு காலையில் ஓடி வந்து போனைக் கையில் திணித்தாள்.

“அக்கா, போற வழியில குடுத்துடுறீங்களா? எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. லாக் நம்பர் எங்க கல்யாண வருஷம்தான்.”

குற்றம் செய்தவள் இப்படிப் போனைத் திறந்து கொடுப்பாளா என்ற கேள்வி அவளுக்கு வரத்தான் வந்தது. ஆனால் கை அதற்குள் போனை வாங்கிவிட்டது.

மதிய இடைவேளையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். முதலில் குரல் பதிவுகளைப் பார்த்தாள். பிள்ளைகள் கூட்டமாகப் பாடும் பாட்டுகள், பத்துப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் ஓட்டிக் கேட்டாள். பிறகு நாத்தனாரோடு சிட்டு பேசிய செய்திகள். வாழ்த்துகள், படங்கள், கொழுந்தனின் காய்ச்சல் பற்றி நான்கு வரி. இரண்டு மாதத்துக்கு முன்னால் நாத்தனார் எழுதியிருந்தார்: ‘உன் ஓரகத்தி என்னைப் பத்தி என்ன பேசுவா?’ அதற்குக் கீழே சிட்டுவின் பதில்: ‘நல்லாத்தான் பேசுவாங்க அண்ணி. உங்க சமையலைப் பத்தி மட்டும் கொஞ்சம் பயம்.’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

மூத்தவளுக்குக் காது மடல் சுட்டது. கொஞ்ச நேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம், அழித்திருப்பாள் என்று நினைத்தாள். இந்தக் காலத்தில் எதையும் அழித்துவிடலாமே. போனைக் கொண்டுபோய்ப் பழுதுக் கடையில் கொடுத்தாள்.

மறுநாள் மாலை சிட்டு கீழே வந்தாள். எப்போதும் தட்டாமல் நுழைகிறவள், கதவைத் தட்டினாள்.

“ஸ்கிரீன் மாத்துறவங்க வாய்ஸ் ரெக்கார்டரை எதுக்குக்கா திறக்கணும்?”

மூத்தவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கென்ன தெரியும்.”

“எங்க பிள்ளைங்க பாட்டெல்லாம் வரிசையா ஓடியிருக்கு. அண்ணிக்கும் எனக்கும் போன மெசேஜ் பழசு வரைக்கும் மேல தள்ளியிருக்கு. நான் கடைக்காரரைக் கேட்டேன். அவர் கைக்கு வந்ததே மூணு மணிக்கு மேலன்னாரு.”

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சிட்டு அதை எட்டி மூடினாள்.

“அண்ணிகிட்ட நான் போட்டுக் குடுத்துட்டேன்னு நெனைச்சீங்களா?”

“மாடியில வேற யாரு இருந்தா?” என்றாள் மூத்தவள். மூன்று வாரமாக மென்று விழுங்கியது வெளியே வந்துவிட்டது. “நீயே சொல்லு. உன்னையும் என்னையும் விட்டா வேற யாரு இருந்தா?”

சிட்டு பதிலுக்குச் சண்டை போடவில்லை. “நீங்க கேட்டிருந்தா நானே உங்க பக்கத்துல உக்காந்து காட்டியிருப்பேனே,” என்றாள். படியில் ஒவ்வொன்றாக ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் கீழே வரவில்லை. அண்ணன் தம்பிகள் வாசலில் நின்று வழக்கம்போலப் பேசிக்கொண்டார்கள். பெண்களுக்குள் ஏதோ என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கடையில் ஒரு சிக்கல். சட்டம் கொண்டுவந்து போடும் வியாபாரி அனுப்பிய பெட்டியில் பாதி, காது பக்கம் கோணல். அவருடைய பழைய எண் வேலை செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை புது எண்ணிலிருந்து கூப்பிட்டது மூத்தவளுக்கு நினைவு வந்தது. அழைப்புப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அந்தச் சனிக்கிழமை வந்தது. வியாபாரியின் எண் காலை பதினொன்றுக்கு. நான்கு மணிக்கு ‘அண்ணி’, இரண்டு நிமிடம். பல் டாக்டரின் முகவரி கேட்க அவளே கூப்பிட்டது. அதற்கு மேலே மறுபடியும் ‘அண்ணி’. ஐந்து நாற்பதுக்கு, இவள் போனிலிருந்து போன அழைப்பு. பதினான்கு நிமிடம்.

ஐந்து நாற்பதுக்கு அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஐந்து நாற்பதுக்கு அவள் மாடியில் இருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதேதான். போன் நைட்டிப் பையில் இருந்தது. ஈரப் போர்வையை இடுப்போடு அணைத்துப் பிழிந்தாள். கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அது தானாகப் போயிருக்கிறது. பதிவுமில்லை, உளவுமில்லை. அவளே நாத்தனாரைக் கூப்பிட்டு, பதினான்கு நிமிடம் அவரிடமே அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

வியாபாரியை மறந்துவிட்டாள். அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய், நேரே மேலே ஏறி, சிட்டுவிடம் போனை நீட்டினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் திக்கித் திணறிச் சொன்னாள். சிட்டு அந்த வரியைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரிக்கா. உங்களுக்கு நிம்மதிதானே?”

“நான் தப்பு பண்ணிட்டேன்ம்மா.”

“இது கண்ணுல படலைன்னா, இன்னிக்கும் நான்தானே?”

மூத்தவள் படியிறங்கி வந்தாள்.

மறுநாள் மதியம் கடையின் பின்னறையிலிருந்து நாத்தனாருக்குப் போன் செய்தாள். எட்டு முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

“அண்ணி, அன்னிக்கு என் போன்லேருந்துதான் உங்களுக்கு வந்திருக்கு. நான் கூப்பிடல. அதுவா போயிருக்கு.”

“தெரியும்.”

“அதை அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் யார் யாரையோ...”

“என்னன்னு சொல்றது? பதினாலு நிமிஷம் மூச்சு விடாம ஒட்டுக்கேட்டேன்னா? முந்நூறு பிள்ளைங்களுக்கு ஒட்டுக்கேக்கக் கூடாதுன்னு சொல்ற வாய் இது.” நாத்தனாரின் குரல் லேசாக உடைந்தது. “மொதல்ல ஹலோ ஹலோன்னுதான் கத்தினேன். உனக்குக் கேக்கல. அப்புறம் என்னைப் பத்தின்னு தெரிஞ்சுது. வெச்சிருக்கணும். வைக்க முடியல.”

“நான் பேசினது தப்புதான் அண்ணி.”

“தப்புதான்.” பிறகு, “ரெட்டை வேகத்துல என் குரல் எப்படி இருக்கும்?”

மூத்தவள் இந்த ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். “கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும்.”

எதிர்ப்பக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, மூக்கு உறிஞ்சலா என்று தெரியவில்லை.

“சிட்டு அன்னிக்கு என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா?” என்றார் நாத்தனார். “‘விடுங்கக்கா, கல்யாணம் நின்னதுல பையனைவிட அவங்கதான் உடைஞ்சு போயிருப்பாங்க’ன்னா. நீ அதைக் காதுலயே போட்டுக்காம மேல மேல பேசிட்டிருந்தே. எனக்குக் கேட்டுது.”

குழுவில் திரும்பச் சேர்க்கட்டுமா என்று மூத்தவள் கேட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்றார். பள்ளி மணி அடித்தது. வைத்துவிட்டார்.

அன்று மாலை அவள் மறுபடியும் மேலே போனாள். கூடத்துத் தரையில் சிட்டு வண்ணக் காகிதங்களைப் பரப்பி, மீன்கள் வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சுவரில் ஒட்ட நாற்பது மீன் வேண்டுமாம், அதில் பாதிகூட ஆகவில்லை. மூத்தவள் வாசலில் நின்றபடியே நாத்தனார் சொன்னதைச் சொன்னாள்.

“எனக்கு ஞாபகம் இருக்கு,” என்றாள் சிட்டு, கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. மூத்தவள் தானாகவே உட்கார்ந்து, இன்னொரு கத்தரியை எடுத்து, ஒரு நீலக் காகிதத்தை மடித்து வெட்ட ஆரம்பித்தாள். முதல் மீன் கொஞ்சம் கோணலாக வந்தது. சிட்டு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“வாலை இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டுங்க,” என்றாள். அக்கா என்று சேர்க்கவில்லை. மூத்தவள் அடுத்த காகிதத்தை எடுத்தாள்.