முன்கூட்டிச் சொன்ன சாட்சி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதன்று. என்னிடம் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபோது அது கதையாகவும் இல்லை.

மலேசியாவின் கூலிம் நகரில் எங்கள் சபை ஆண்டுதோறும் வெளியிடும் மலருக்குச் சாட்சிக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பொறுப்பு. துன்பத்தில் சிக்கிய ஒருவர், ஆண்டவர் தம்மை எவ்வாறு விடுவித்தார் என்று சபையார்முன் எடுத்துரைப்பதே சாட்சி. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் துன்பம், பிறகு ஜெபம், பிறகு விடுதலை, இறுதியில் நன்றி. பிழை மலிந்த கட்டுரைகளையும் பொறுமையாகத் திருத்தி ஏற்றிருக்கிறேன். விடுதலை இல்லாத சாட்சியை ஒருபோதும் ஏற்றதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் மண்டபத்தில் பசியாறிக்கொண்டிருந்தபோது, ரூத் என்னும் பெண்மணி என் மேசையருகே வந்து நின்றார்.

“டீச்சர், நீங்கதானே திருத்துறவங்க? நான் ஒரு சாட்சி சொல்லிட்டேன். அதத் திருத்திக் குடுங்க.”

“எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்களா?”

“எழுதல. வாயால சொன்னதுதான். எல்லாரும் கேட்டுட்டாங்க.”

உட்காரச் சொன்னேன். அவர் சொல்லி முடித்தபோது மேசைகளை மடித்துவிட்டிருந்தார்கள். துன்பம் இருந்தது. ஜெபம் இருந்தது. நன்றியும் இருந்தது.

“விடுதலை எங்கே?” என்று கேட்டேன்.

“அதான் டீச்சர், தெரியல.”

வாயால் சொன்னதை என்னால் திருத்த முடியாது என்றும், இன்னும் முடிவுக்கு வராததை மலரில் போட இயலாது என்றும் சொல்லி அனுப்பினேன். கதையிலாவது அதற்கு இடம் கிடைக்கும் என்று பிறகு நினைத்தேன். [கதை எழுதுவது எளிது என்று அப்போது எண்ணியிருந்தேன்.]

2

முதல் தொடக்கம்: “இவான் வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்று பாடாங் மேஹாவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.”

மழை பெய்யவில்லை. அன்று நல்ல வெயில் என்றும், செம்பனை லாரிகள் கிளப்பிய புழுதியில் மகன் கையசைத்ததுகூடச் சரியாகத் தெரியவில்லை என்றும் ரூத்தே சொன்னார். துயரக் கதை என்றதும் கை தானாக மழையைத் தேடிப் போகிறது. நீக்குக.

இரண்டாம் தொடக்கம்: “பெற்ற வயிற்றில் பற்றிக்கொண்ட நெருப்பை எந்தக் கடலால்—”

இதை முடிக்க விருப்பமில்லை. ரூத் இப்படிப் பேசுகிறவர் அல்லர்.

மூன்றாம் தொடக்கம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

ரூத், கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தார். தூசு புகாத அறை. தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி. கைப்பேசியை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளிநாட்டில் சிக்கிக்கொண்ட மகனிடமிருந்து முதல் அழைப்பு வந்த மறுநாள் அவர் மேற்பார்வையாளரிடம் போய், தம்மைக் கேண்டீன் கூட்டும் வேலைக்கு மாற்றும்படி கேட்டார்.

“ஏன்கா, யாராச்சும் ஏசிட்டாங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“இல்லம்மா. இடுப்பு வலி. ஒரே இடத்துல நிக்க முடியல.”

இடுப்பு வலிக்கிறவர் துடைப்பத்தைக் கேட்டு வாங்குவாரா என்று அவள் யோசித்திருக்கலாம். கேட்கவில்லை. கேண்டீனில் கைப்பேசியை இடுப்பில் செருகி வைத்துக்கொள்ளலாம். காரணம் அது ஒன்றுதான்.

3

ரூத்தின் ஒரே மகன் இவான். தாய்லாந்தின் ஹாட்யாயில் வேலை என்று போனான். எல்லைக்கு இப்பால் கெடா மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஹாட்யாய் அந்நிய ஊரன்று. பள்ளி விடுமுறையில் போய் வருகிற இடம். வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை, குளிர்சாதன அறை, தங்குமிடம் இலவசம் என்றார்கள். ஹாட்யாய்க்கென்று ஏறிய வண்டி அங்கே நிற்காமல் வடக்கே போய்க்கொண்டே இருந்தது. ஓர் ஆற்றைப் படகில் கடக்க வைத்தார்கள். அக்கரையில் உயர்ந்த வேலி, கம்பி போட்ட சன்னல்கள். யாரென்றே தெரியாதவர்களிடம் தொலைபேசியில் அன்பாகப் பேசி ஏமாற்றுவதுதான் அங்கே வேலை. ஏமாற்றத் தவறினால்—

[இவ்விடத்தில் ஒரு பத்தி இருந்தது. ரூத் கேட்டுக்கொண்டதால் நீக்கினேன்.]

ரூத்தும் அவர் கணவர் பெர்னார்ட்டும் போலீஸில் புகார் கொடுத்தார்கள். தெரிந்த இடங்களுக்கெல்லாம் அலைந்தார்கள். விசாரிக்கிறோம் என்ற பதிலே எங்கும் கிடைத்தது. எப்போதாவது, யாருடைய கைப்பேசியையோ வாங்கி, இவான் கழிவறையிலிருந்து பேசுவான். கடைசியாகப் பேசியபோது ரூத் கேண்டீனில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“மா, சாப்பாடு கொண்டு வர்ற வேன்காரர் ஒருத்தர் இருக்காரு. நல்லவரு. ரெண்டு பேர ஏத்திட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு.”

“எப்படா?”

“தெரியாது மா. சாபார்லா, பொறுமையா இருங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லுங்க, வேற யார்கிட்டயும் வேணாம். இங்க நம்ம ஊரு பையனுங்களே காவலுக்கு இருக்கானுங்க. ஃபேஸ்புக் எல்லாம் பாக்குறானுங்க.”

“சொல்லமாட்டேன்டா ஐயா. ஆண்டவர் இருக்காரு.”

“அவர்கிட்ட சொல்லுங்க. அவரோட நிறுத்திக்குங்க.”

4

ரூத் ஜெபிக்கிற குழு, புதன்கிழமை மாலைகளில் பெர்னார்ட்டின் தங்கை அலிசியாவின் வீட்டில் கூடும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அதை முன்சாட்சி என்பார்கள். விடுதலையைக் கண்ணால் காண்பதற்கு முன்னரே, கண்டுவிட்டவர்போல் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் கேட்பவர் சந்தேகப்படுகிறவர். நன்றி சொல்பவரே விசுவாசி. பொதுப்படையாகச் சொன்னாலும் போதாது. எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். நோய் தீர முன்சாட்சி சொன்னவர்கள் மருத்துவர் பேசிய வார்த்தைகளைக்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

பெர்னார்ட் இக்கூட்டத்துக்கு வருவதில்லை. அவர் பிறப்பால் கத்தோலிக்கர். இப்போது எந்தக் கோவில் வாசலையும் மிதிப்பதில்லை.

“எழுந்து நின்னு சொல்லுங்க அண்ணி,” என்றாள் அலிசியா. “பயந்துகிட்டே ஜெபிச்சா எப்படி?”

“காப்பாத்துங்கன்னு சொன்னேனே.”

“அது கேக்குறது. கெடச்சிருச்சுன்னு சொல்லுங்க. இவான் வந்துட்டான்னு வாய தொறந்து சொல்லுங்க.”

ரூத் எழுந்தார். ஸ்தோத்திரம் என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். என் மகனை விடுவித்த தேவனுக்கு நன்றி என்றார். இன்னும் உரத்த ஆமென். பல வாரங்களாகக் கல்லாய்க் கிடந்த நெஞ்சு அந்தச் சத்தத்தில் சற்று இளகியது. கண்ணை மூடியதும் மகன் தெரிந்தான். காலிப் பாத்திரங்களுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வண்டி ஓடிக்கொண்டிருந்தது, வேலி பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததை அவர் தெரிந்தபடியே சொன்னார்.

“சாப்பாட்டு வேன்காரர் ரூபத்துல என் ஆண்டவர் தூதனை அனுப்பினாரு. என் மகன் இவானை அந்த வேன்ல ஏத்தி, வேலிய தாண்டிக் கொண்டு வந்தாரு. அல்லேலூயா!”

அல்லேலூயா என்றது வீடு முழுவதும். அலிசியாவின் கைப்பேசி ரூத்தின் முகத்துக்கு நேராக உயர்ந்திருந்தது. அன்றிரவே அந்தக் காணொளி குழுவிலுள்ளவர்களுக்குப் போயிற்று. அவர்களுள் ஒருவர் இவானின் படத்தையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டார். கீழே ஆமென், ஆமென் என்று வரிசையாக நிறைந்தது.

(குறிப்பு: முதல் வரைவில் அலிசியாவைப் பகட்டுக்காரியாக எழுதியிருந்தேன். ரூத் ஒப்பவில்லை. “அவள அப்படி எழுதாதீங்க டீச்சர். நான் ஷிப்டுக்குப் போனப்பெல்லாம் இவானைத் தூக்கி வளத்தவ அவ. இப்ப அவளும் சரியா சாப்பிடுறதில்ல.” ஆகவே இக்கதையில் பழி சுமத்த ஆளில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.)

5

பெர்னார்ட் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். செர்டாங் பக்கத்து எண்ணெய் ஆலையில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தபோது, மணியம் என்னும் ஓட்டுநர் இறங்கி வந்து அவர் கதவைத் தட்டினார்.

“என்னண்ணே, மகன் வந்துட்டானாம்! ஒரு வார்த்த சொல்லல? விருந்து எப்ப?”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அண்ணியே சொல்றாங்க, பாருங்க.”

மணியம் நீட்டிய கைப்பேசியில் பெர்னார்ட் பார்த்தார். மனைவியின் முகம். சாப்பாட்டு வேன். வேலி. மகனின் பெயர். வரிசை நகர்ந்தும் அவர் லாரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

[வீட்டுக்கு வந்து தட்டைச் சுவரில் எறிந்தார் என்று எழுதியிருந்தேன். எறியவில்லை.]

“உன்கிட்ட சொன்னான்ல,” என்றார். ரூத்துக்கு அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அலிசியா அழுதுகொண்டே காணொளியை அழித்தாள். ஆனால் அது அதற்குள் எத்தனையோ கைகளுக்குப் போய்விட்டிருந்தது. இவானிடமிருந்து அழைப்பு நின்றது. ஒரு வாரம் கழிந்தது. ஒரு மாதமும் கழிந்தது.

பக்கத்து வீட்டு மருதம்மாள் வேலியோரம் நின்று கேட்டாள்.

“எங்க முனீஸ்வரருக்கு வேண்டிக்கிட்டா, நெறவேறுற வரைக்கும் வாய தொறக்கக்கூடாதுலா. உங்க சாமிக்கு மைக் புடிச்சாத்தான் காது கேக்குமா?”

ரூத் வாளியைக் கீழே வைத்தார். மருதம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஏசலடி. நானும் அவனுக்குத்தான் வேண்டிக்கிட்டேன். ஐயோ பாரு, அதையும் இப்ப வாய விட்டுச் சொல்லித் தொலச்சிட்டேன்.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு ரூத் அழுதார்.

கேண்டீனைக் கூட்டும்போதெல்லாம் ஒரே கேள்வி சுழன்றது. ஆண்டவரை நம்பித்தானே எழுந்து நின்றேன்? நம்பியதற்காகவா இது? நம்பிக்கை என்று நினைத்தது நம்பிக்கையே இல்லையோ? பயம் தாங்காமல் பிதற்றியதோ? அப்படியென்றால், பிதற்றலுக்கும் ஜெபத்துக்கும் வேறுபாடு தெரியாதவரா ஆண்டவர்?

இவ்விடத்தில் ஆசிரியர் என்ற முறையில் நான் ஒரு விளக்கம் தர வேண்டும். தேவன் நீதியுள்ளவர் என்று தொடங்கி—

வாக்கியம் நின்றுவிட்டது. அப்படியே விடுகிறேன்.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் இவான் புக்கிட் காயு ஹீத்தாமில், தாய்லாந்து எல்லையில், இளைத்துப்போய், பிறர் சட்டையில் நடந்து வருகிறான். அதை எழுதும்போது கண் நிறைந்தது. படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நானும் முன்சாட்சி சொல்லியிருக்கிறேன். வேன்காரரின் மீசையைக்கூட வருணித்திருந்தேன்.

இரண்டாவதில் ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்து, ரூத்திடம் உட்காரச் சொல்கிறார். அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை.

மூன்றாவதில் ஒன்றும் நடப்பதில்லை. ரூத் கூட்டிக்கொண்டே இருக்கிறார். அதில் எழுதும் உழைப்பு மிச்சமாயிற்று; அவ்வளவுதான்.

7

என் கண்ணால் கண்டதை மட்டும் இங்கே சொல்கிறேன். ரூத் என்னிடம் வந்துபோன அதே வாரம், புதன்கிழமை, நானும் அலிசியாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். பெர்னார்ட் மோட்டார் சைக்கிளில் ரூத்தைக் கொண்டுவந்து இறக்கினார். திரும்பிப் போகாமல் வெளியிலேயே நின்றார்.

பாட்டு முடிந்ததும் ரூத் எழுந்தார். அலிசியா தன் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தாள்.

“போன தடவ நான் சொன்னது நடக்கல,” என்றார் ரூத். “நடந்த மாதிரி சொன்னேன்.”

யாரோ “விசுவாசம், சிஸ்டர், விசுவாசம்” என்று முணுமுணுத்தார்கள்.

“இருங்க, பேசிக்கிறேன். ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. என் பிள்ள உசிரோட இருக்கானான்னு தெரியல. அந்த வேன்காரர் பேருகூட எனக்குத் தெரியாது. அவருக்கும் வீட்டுல யாராச்சும் காத்துகிட்டு இருப்பாங்க. என் வாயால அவருக்கு என்ன ஆச்சோ. ரெண்டு பேரையும் காப்பாத்துங்க. நன்றி இப்ப சொல்லமாட்டேன். நீங்க செய்யலன்னாலும் நாளைக்கும் வந்து கேப்பேன். வேற யார்கிட்ட கேப்பேன்?”

இப்படியொரு ஜெபத்துக்கு மறுமொழி சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை. வாசலில், செருப்புகளுக்கு நடுவே, எப்போது வந்து நின்றார் என்று தெரியாத பெர்னார்ட், “ஆமென்” என்றார்.

8

வெளியே வந்ததும் ரூத் என்னிடம் சொன்னார். “மலர்ல வேணாம் டீச்சர். கதையா எழுதுங்க. பேர மாத்துங்க, ஊர மாத்துங்க. படிக்கிறவங்க யாராச்சும் ஜெபிப்பாங்க.”

“பெயர் தெரியாமல் எப்படி ஜெபிப்பார்கள்?”

“கேக்குறவருக்குத் தெரியும்ல.”

மாற்றியிருக்கிறேன். ரூத் என்பது அவர் பெயரன்று. வேன் வேனாக இல்லாமலிருக்கலாம். ஆறு ஆறாக இல்லாமலிருக்கலாம். அவர் கூட்டுவது கேண்டீன்தானா என்பதையும் நான் சொல்லப் போவதில்லை.

இதை எழுதி முடிப்பதற்குள் செய்தி ஏதும் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்திருந்தாலும் எழுதமாட்டேன், வராதிருந்தாலும் எழுதமாட்டேன். வந்துவிட்டான் என்று எழுதினால், அழைத்து வந்தவரை யாரேனும் தேடுவர். வரவில்லை என்று எழுதினால், அது அவன் தாயின் கண்ணில் படும். ஒழுங்குப்படி மூன்றாவதாக வர வேண்டிய பகுதி என் தாளில் வெற்றிடமாகவே இருக்கிறது. முதன்முறையாக அதைத் திருத்தாமல் விடுகிறேன்.

வாசகரே, அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். மகன், வேன்காரர் இருவருக்காகவும் கேளுங்கள். இன்னும் நடக்காத ஒன்றாகவே கேளுங்கள். கேட்டு முடித்தபின், தயவுசெய்து, இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.