தெற்கு ரத வீதியில் ஒரு கம்பி

ஆடிப்பூரத் தேர் தெற்கு ரத வீதிக்குள் திரும்பியபோது லைன்மேன் ஐயாதுரை கம்பத்தின் உச்சியில் இருந்தார். தெருவுக்குக் குறுக்கே போகும் கம்பியை அவிழ்த்து இறக்கினால்தான் தேர் உரசாமல் கடக்கும். காலையிலேயே தெரு முழுக்கக் கரண்டை நிறுத்திச் சோதித்தும் பார்த்திருந்தார்கள். அவருக்கு உதவியாளான சிவபாண்டி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏலே சிவா! கம்பியில கரண்டு வருதுலே!"

சிவபாண்டி அண்ணாந்து பார்த்தான். கம்பியின் ஒரு முனையை ஐயாதுரை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தார். ரப்பர் கையுறை இருந்ததால் தப்பித்தார். இப்போது அந்த முனையை நைலான் கயிற்றில் கட்டி, கீழே தொங்கவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தார். விட்டால் நேரே கூட்டத்தின் மேல் விழும். வத்திராயிருப்பிலிருந்து விடியற்காலையிலேயே வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாம நிறுத்துனதுதானண்ணே?"

"எவனோ வீட்டு ஜெனரேட்டர்தாம்லே. திரும்பி லைனுக்குள்ள வருது. ஓடிப் பாரு. எனக்குக் கை கடுக்குது!"

பக்கத்தில் நின்ற பெண் போலீசிடம் சொன்னான். அவள் வயர்லெஸ்ஸில் கத்தினாள். ஆனால் வடம் பிடித்தவர்கள் காதில் "கோவிந்தா! கோபாலா!" தவிர எதுவும் விழவில்லை. தேர் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்பத்திலிருந்து ஒன்பது வீடுகளுக்குக் கரண்டு போகிறது. சிவபாண்டி ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மேளச் சத்தத்தில் ஜெனரேட்டர் சத்தம் எங்கே கேட்கும்? ஐந்தாவது வீட்டின் பக்கச் சந்தில் பெட்ரோல் புகை மூக்கில் ஏறியது. அந்த வீட்டின் கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது. தட்டினான்.

"தேர் பாக்க மாடிக்கு யாரையும் விடமாட்டோம். போங்க!" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

"கரண்டாபீஸ்க்கா! கதவத் தொறங்க!"

நாற்பது வயதுக்காரி ஒருத்தி வந்தாள். பெயர் ஜெயசித்ரா. அவன் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"தேருக்குன்னு கரண்ட நிறுத்திட்டிய. சரின்னு வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துட்டு வந்து வச்சிருக்கேன். அதையும் நிறுத்த வந்தீயளா?"

அவளுக்குப் பின்னால் கட்டிலில் ஒருவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. ராஜபாளையம் மில்லில் இருபது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த சங்கரலிங்கம், அவள் புருஷன்.

சிவபாண்டி கம்பிகளுக்கிடையே அந்த மிஷினைப் பார்த்தான்.

"அக்கா, ஜெனரேட்டர நிறுத்த மாட்டேன். மெயின் சுவிட்ச மட்டும் இறக்கணும். ஒங்க கரண்டு லைனுக்குப் போகுது. அங்க ஒரு மனுசன் அதக் கையில புடிச்சிட்டு நிக்காரு."

"மெயின இறக்குனா மிஷின் நின்னுராதா?"

"ஜெனரேட்டர் வயர எங்க சொருகியிருக்கீய?"

"அந்தா, சுவத்துப் பிளக்குல."

"அப்ப நிக்காதுக்கா. மெயின் வெளி லைன மட்டுந்தான் துண்டிக்கும்."

"நின்னா?"

அவன் தெருவைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் ஒரு அடி நகராது. அது அவளுக்கும் தெரியும்.

"நின்னா அவியள நானே தோள்ல தூக்கிட்டு ஓடுதேன். இந்தச் சட்டை மேல சத்தியம்."

ஜெயசித்ரா கட்டிலைப் பார்த்தாள். சங்கரலிங்கம் பேச மூச்சில்லாமல் கையை மட்டும் அசைத்தார். தொற, தொற என்று.

பூட்டைத் திறக்கையில் சாவி இரண்டு தரம் கீழே விழுந்தது. சிவபாண்டி பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினான். சந்தில் ஜெனரேட்டரின் சத்தம் மாறியது. ஜெயசித்ரா புருஷனின் நெஞ்சில் கை வைத்தாள்.

மிஷின் இரைந்துகொண்டே இருந்தது.

படிகளைத் தாவி மாடிக்கு ஏறி, சிவபாண்டி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினான். "அண்ணே! அண்ணே!" ஐயாதுரை பார்த்துவிட்டார். கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கயிற்றைத் தளர்த்தினார். அதற்குள் போலீசார் கூட்டத்தை ஒதுக்கிவிட்ட இடத்தில் கம்பி தரையைத் தொட்டது. யாரோ அதைச் சுருட்டி ஓரமாக இழுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தேர் அந்த மாடியை உரசுவதுபோல் கடந்தது. துணித் தொங்கல்கள் காற்றில் படபடத்தன. பக்கத்து மாடிகளில் எல்லோரும் கைகூப்பினார்கள். சிவபாண்டி மட்டும் எதிரே ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கிய ஐயாதுரையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் கீழே வந்தான்.

"நான் ஒரு ஆளக் கொல்லப் பாத்தேனா?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

"தெரியாமப் பண்ணதுதானக்கா. அடுத்த தேருக்கு முன்னாடியே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் வந்து சரியா மாட்டித் தாரேன்."

அவன் உடனே கிளம்பவில்லை. லைனில் கரண்டு வந்த பிறகு, ஜெனரேட்டர் ஓடும்போதே யாராவது தெரியாமல் சுவிட்சைத் தூக்கிவிட்டால் எல்லாம் கருகிவிடும். போன் செய்து ஐயாதுரையிடம் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சுக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டான்.

"தேரு... எம்புட்டுத் தூரம்... போயிருக்கும்?" என்று கட்டிலிலிருந்து சங்கரலிங்கம் கேட்டார்.

"மேல ரத வீதி திரும்பியிருக்கும்ணே" என்றான் சிவபாண்டி.