அக்பர் அலியின் வலது கால்

கால்பந்து ஆட்டத்தின் இடைவேளை விசில் ஊதியதும் அக்பர் அலி நடந்து வரவில்லை. இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்தான்.

மானேஜர் ஞானதாஸ் தரையில் உட்கார்ந்து, அவனுடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். முட்டையும் உளுந்து மாவும் குழைத்து வைத்தியர் காலையில் போட்ட கட்டு, வெடித்துத் தொங்கியது. காலையில் வெறும் சுளுக்கு. இப்போது கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் எலும்பு நெளிந்தது.

"வெளிய உக்காரு" என்றார்.

"அண்ணே, விளையாடாதீக. நான் இல்லாட்டி பேக்குல யாரு?"

அது நியாயமான கேள்வி. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் பேக் அவன்தான். அந்த நாளில் அடிபட்டவனுக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. அவன் வெளியேறினால் மிச்சம் பத்துப் பேர். தோல் பதனிடும் ஷாப்புக்காக ஆடும் அவர்கள் டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது. மதுரை மில் டீமை இப்படியே நிறுத்திவிட்டால் கோப்பை. தோற்றால் டீமைக் கலைத்துவிடுவதாக ஷாப் முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். பந்தாடுவதற்காக வேலையில் சேர்த்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"செத்த நேரந்தாண்ணே. பல்லக் கடிச்சுக்கிறேன். நீங்க ஆடலையா?"

"ஆடுனேன். அதான் சொல்றேன்."

எட்டு வருஷத்துக்கு முன்பு, மலைக்கோட்டைக்குக் கீழே இதே மைதானத்தில், வெறுங்காலோடு பேக் ஆடியவர் ஞானதாஸ். 'அவனைத் தாண்டிட்டா பழனிக்குப் போயி மொட்டை போடுறேன்' என்று எதிர் டீம்காரர்கள் வேண்டிக்கொள்வார்கள். யாருக்கும் மொட்டை போடும் பாக்கியம் கிடைக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் முழங்கால் விலகியது. அன்றைய மானேஜர் துணியால் இறுக்கிக் கட்டி உள்ளே அனுப்பினார். ஜெயித்தார்கள். பேகம்பூர் வரை தோளில் தூக்கிப்போனார்கள். இறக்கிவிட்ட பிறகு அவர் நேராக நடந்ததே இல்லை. அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் இந்த மானேஜர் வேலை.

"அண்ணே, என் காலு. நான்ல சொல்லணும்" என்றான் அக்பர் அலி.

"ஏலே அப்பு, இன்னொரு நொண்டிய இந்த ஊரு தாங்காது. உக்காருடா."

அக்பர் அலி எழுந்தான். ஞானதாஸ் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். பழைய பேக்கின் பிடி. அவனால் அசைய முடியவில்லை.

முன்னால் ஆடும் முனியப்பனைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினார். அவன் கோல் அடிக்கப் பிறந்தவன். ஆளைப் பார்க்காமல் பந்தையே பார்த்தான். வெகுநேரம் தாங்கினார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், அக்பர் அலி நின்றிருக்கவேண்டிய இடத்தின் வழியாகவே மில் டீமின் முதல் கோல் வந்தது. அடுத்ததும் அதே வழியில்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பேக் ஆடுறப்ப ஒருத்தனுக்கும் வழி விடல நீ. மானேஜரானதும் ஊருக்கே விட்டுட்டியேப்பா."

மறுநாள் டீம் இல்லை. முனியப்பன் சிறுமலையில் வாழைத்தார் சுமக்கப் போனான். ஞானதாஸுக்கும் வேலை போயிற்று.

அக்பர் அலியின் எலும்பு நன்றாகவே கூடியது. ஆடி மாதக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு காலையில், பஸ் ஸ்டாண்டில் தகரப் பெட்டியோடு நின்றான். ஞானதாஸ் நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

"எங்கடா?"

"ஆம்பூரு. அங்க தோல் ஷாப்புல ஆள் எடுக்குறாகளாம்."

"டீம் இருக்கா?"

"தோல ஊறப்போடுற சுண்ணாம்புத் தொட்டிதான் இருக்கு. வீட்ல அஞ்சு வயிறுண்ணே."

"காலு எப்படியிருக்கு?"

அக்பர் அலி குனிந்து தன் காலைப் பார்த்தான். யாருடையதோ போல.

"நல்லாருக்கு. என் காலுக்கு நீங்க பயந்தீக. வயித்துக்கு யாருண்ணே பயப்படுறது?"

பஸ் நகர்ந்தது. அக்பர் அலி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வலது காலை ஊன்றி, ஒரே தாவலில் படியில் ஏறினான். கொஞ்சமும் தடுமாறவில்லை.

அவன் திரும்பிப் பார்ப்பான் என்று ஞானதாஸ் நின்றார். அவன் உள்ளே போய்விட்டான்.