மங்கை எடுத்த ஈட்டி

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ராமகிருஷ்ணனின் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேறொரு உலகத்தில் அலைந்துகொண்டிருப்பார்கள். சிரிக்காதீர்கள் கண்ணுகளா, அதுவும் ஒரு விளையாட்டுத்தான். ராமகிருஷ்ணன் கதையை நடத்துவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரராக மாறி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னபிறகு இருபது முகப் பகடையை உருட்டினால், அடி விழுந்ததா தவறியதா என்று தெரிந்துவிடும்.

வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான் மங்கைக்குச் சிக்கல். அவளுக்குத் திக்கும். ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற வேலையைக்கூட, பேச்சுக் குறைவு என்றுதான் பிடித்துக்கொண்டாள். இந்த மேசையிலோ இன்னொரு சட்டமும் உண்டு. பத்து செகண்டுக்குள் சொல்லி முடிக்காவிட்டால் அந்த முறை போச்சு. அதனால் இரண்டு வருஷமாக அவளுடைய வீராங்கனை வில்லோடுதான் திரிந்தாள். வில்லுக்கு "எய்றேன்" என்ற ஒரு சொல் போதும். மனசெல்லாம் ஈட்டிமேல் இருந்தது. ஈட்டிக்காரி நெருங்கி நிற்க வேண்டும். எப்படிப் பிடித்தாள், எங்கே குத்தினாள் என்று விவரம் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்தே தள்ளிப்போட்டாள், பாவம்.

அன்றைக்கு எல்லோரும் ஐந்தாம் லெவலுக்கு வந்திருந்தார்கள். ஒரே ஓர் ஆயுதத்தில் தேர்ச்சி எடுக்கிற கட்டம். எடுத்தபின் மாற்ற முடியாது. முதல் அடியை முறைப்படி சொல்லிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பழைய ஆயுதமே கடைசிவரைக்கும்.

ஆதவன் கோடாலி என்றான். மோனிகா குத்துவாள் என்றாள்.

"மங்கைக்கு வில்லுதானே? எழுதிக்கவா?" ராமகிருஷ்ணன் பேனாவை எடுத்தான்.

மங்கை இல்லையென்று தலையாட்டினாள். தன் வீராங்கனையின் விவரம் எழுதிய தாளின் ஓரத்தில் நீளமாக ஓர் ஈட்டியை வரைந்து அவன் பக்கம் தள்ளினாள்.

"யக்கா, ஈட்டியா! நெசமாவா?" என்றான் ஆதவன்.

கதைக்கான கோட்டையை ராமகிருஷ்ணன் செஞ்சி மலைக்கோட்டையான ராஜகிரியைப் பார்த்துத்தான் வரைந்திருந்தான். உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவு, அதன்மேல் பாலம். எல்லோரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஏறி இறங்கிய இடம். அந்தத் தெம்பில்தான் ஆதவன் மாட்டிக்கொண்டான்.

"பாலத்துல ஓடறேன். காவக்காரன் வந்தான்னா கைப்புடிய புடிச்சிக்கினு எட்டி ஒதைக்கறேன்."

"இன்னா கைப்புடி?"

"கம்பி ண்ணா. ரெண்டு பக்கமும் இருக்குதே."

"அது பாக்க வர்றவங்களுக்காக இப்ப போட்டது டா. என் கதையில வெறும் பலகைதான். காத்தப் புடிச்சிட்ட. விழற."

மோனிகா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "போன வாரம் அங்க சாஞ்சிக்கினு செல்ஃபி எடுத்தான் ண்ணா. அந்த நெனப்பு."

ஆதவனின் கோடாலிக்காரன் பலகை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கினான். காவல்காரன் கேடயமும் ஓங்கிய வாளுமாக வந்தான். அடுத்த முறை மங்கையுடையது. ராமகிருஷ்ணன் கைபேசியில் பத்து செகண்டை ஓடவிட்டான்.

"ஈட்டிய... ரெண்டு கையால பு... பு..."

சொல் சிக்கிக்கொண்டது. "எய்றேன்" நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் பிழைத்தாள், ஈட்டி போய்விடும். இரண்டு செகண்ட்தான் பாக்கி. அப்போது ஆதவன் குறுக்கே கை நீட்டினான்.

"ண்ணா, நிறுத்து. என் பத்து செகண்ட யக்காவுக்குக் குடுக்கறேன்."

"அப்டியெல்லாம் கெடையாது டா."

"குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா?"

ராமகிருஷ்ணன் யோசித்தான். சட்டமெல்லாம் அவனே எழுதியதுதான். அப்படி ஒன்றை அவன் எழுதவில்லை. "உன் முறை பூடும். மேல ஏற முடியாது. கை நழுவிடும்."

"நழுவட்டும்."

"என்னுதையும் சேத்துக்க ண்ணா," என்றாள் மோனிகா.

கைபேசி மறுபடி ஓடியது. யாரும் அவள் சொல்லை முடித்துக் கொடுக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. வெறுமனே காத்திருந்தார்கள்.

"பு... புடிச்சி... அவன் கேடயத்துக்குக் கீழ மு... முழங்கால்ல... கு... குத்தறேன்!"

மூன்று செகண்ட் மிச்சம் இருந்தது. பகடையில் பதினாறு விழுந்தது. காவல்காரன் பிளவுக்குள் சரிந்தான். சொன்னபடியே கோடாலிக்காரனின் விரல்களும் விட்டுப்போயின. இரண்டு வருஷமாக ஆதவன் வளர்த்த ஆள். அந்த வீரனின் தாளை அவன் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வுடு யக்கா. அவ்ளோ கனத்தத் தூக்கினு மலை ஏறனவன். கீழ போயாவது ஒக்காரட்டும்."

ராமகிருஷ்ணன் அவள் தாளில் வில் என்றிருந்ததை அடித்துவிட்டு, ஈட்டி என்று எழுதினான்.

எப்போதும் அவள் நன்றியைச் சிரித்தோ கைகூப்பியோ தெரிவித்துவிடுவாள். இன்றைக்கு வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மூன்று பேரையும் பார்த்து, "ந..." என்று ஆரம்பித்தாள். நின்றுபோயிற்று. மறுபடி ஆரம்பித்தாள்.

அந்தச் சொல் முழுசாக வந்து சேரும்வரை மேசையில் யாரும் பகடையைத் தொடவில்லை.