லடாக் வழியாக அடுப்படிக்கு

சமாதானபுரத்து வீட்டில் கேஸ் தீர்ந்துபோனால் அந்தச் சேதி முதலில் லடாக்குக்குத்தான் போகும்.

அடுப்படியில் நிற்கும் இன்பமணி, முன்னறையில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் மருமகனிடம் அதைச் சொல்ல மாட்டாள். நடுவில் ஒரு சுவர்தான். இருந்தாலும் போனை எடுத்து மகளைத்தான் கூப்பிடுவாள். மகள் கெசியா ராணுவத்தில் நர்ஸ். கேப்டன் என்று பட்டம் வேறு. ஜூன் மாதத்திலிருந்து அவளுக்கு லடாக்கில், பனிமலைக்கு நடுவே இருக்கிற பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை.

"ஏட்டி, கேஸ் தீந்துட்டு. அவியகிட்ட சொல்லிரு."

கொஞ்ச நேரத்தில் முன்னறையில் ஹெப்ரானின் போன் அடிக்கும்.

"அத்தான், கேஸ் தீந்துட்டாம்."

"காலையிலயே பதிவு பண்ணிட்டேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு."

ஹெப்ரான் சொன்னதை இன்பமணி சுவருக்கு அந்தப்புறம் நின்று காதாரக் கேட்டிருப்பாள். ஆனாலும் அந்தப் பதில் மலையேறி, மலையிறங்கி, மகள் வாயால் வந்து சேர்ந்த பிறகுதான் "அப்படியா, சரி" என்று தலையாட்டுவாள்.

இருவருக்கும் பகை என்று எதுவும் கிடையாது. இன்பமணி சீவலப்பேரிக்காரி. மாப்பிள்ளை முன்னால் மாமியார் உட்காருவதோ முகம் பார்த்துப் பேசுவதோ மரியாதையில்லை என்று வளர்ந்தவள். புருஷன் அப்பாத்துரை இறந்தபிறகு, ஒரே மகள் வீடு என்று வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஹெப்ரான் அம்பாசமுத்திரத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். வகுப்பில் அவன் போடுகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். வீட்டில் மாமியார் எதிரே வந்தால் மட்டும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான். கெசியா சென்னை ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவரை மாதம் இருமுறை ரயிலேறி வந்து இருவருக்கும் நடுவில் நின்று பேசிவிட்டுப் போவாள். மற்ற நாட்களுக்குப் போன் இருந்தது. லடாக்குக்கு மாற்றல் வந்தபோது தூரம் கூடியதே தவிர ஏற்பாடு மாறவில்லை.

ஊர் அவனைச் சும்மா விடவில்லை. தினமும் கூடவே பஸ்ஸில் வருகிற தமிழாசிரியர் சங்கரசுப்பிரமணியன், ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடுவார். "என்ன வே, வீட்டுக்காரம்மா எல்லையப் பாக்குதாவ, நீரு எலையப் பாக்குதீரோ?" ராணுவக் கேன்டீனில் சாமான் வாங்கப் போனால் கவுன்டரில் இருந்தவர், "சார் எந்த ரெஜிமென்ட்? ரிட்டயர்டா?" என்று விறைப்பாகக் கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, ஹெப்ரான் பைய, "டிபெண்டன்ட்" என்றான். பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அதன்பிறகு குளியல் சோப்பைப் பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொண்டான்.

புறப்படுகிற அன்று ரயில் ஜங்ஷனில் வைத்து கெசியா அவனிடம், "அம்மாவ நல்லா பாத்துக்கோங்க" என்றிருந்தாள். அம்மாவைத் தனியே இழுத்து, "அவர நல்லா பாத்துக்கோங்க" என்றிருந்தாள். இருவரும் அதைச் சிரமேற்கொண்டார்கள்.

ஹெப்ரான் சர்ச் பாடகர் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல். நான்கு குரலும் சேர்ந்தால்தான் அது பாட்டு. பேஸை மட்டும் தனியே கேட்டால், ஒரே மூச்சில் யாரோ வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். காலையில் குளிக்கும்போது அவன் பாடிப் பழகுவது வழக்கம். "உங்க பாட்டக் கேட்டாத்தான் அம்மாவுக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்காம், அத்தான்" என்று கெசியா ஒருநாள் போனில் சொன்னாள். துக்கத்தில் இருக்கிற மனுஷிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? அன்றிலிருந்து குரலை ஒரு கட்டை உயர்த்தினான். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க இன்னும் உயர்த்தினான்.

இன்பமணியும் சளைக்கவில்லை. "அவருக்கு உங்க கையால உளுந்தஞ்சோறுன்னா உசுரும்மா. கேக்க வெக்கப்படுதாரு" என்று மகள் சொன்ன நாளிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் உளுந்தஞ்சோறு வடித்தாள். கறுப்பு உளுந்தும் தேங்காயும் பூண்டுமாகக் குழையக் குழைய வேகவைத்து, எள்ளுத் துவையலோடு மேசையில் மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஹெப்ரான் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு எழுந்திருப்பான்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் கெசியா கூப்பிட்டாள். "இன்னும் மேல ஒரு முகாமுக்கு அனுப்புதாங்க அத்தான். அங்கன லைன் சரியா கெடைக்காது. கெடைக்கிறப்ப நானே பேசுதேன். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் என்ன செய்யப்போறிய?"

"பேசிக்கிடுவோம்" என்றான் ஹெப்ரான் வீறாப்பாக.

பேசத்தான் செய்தார்கள், பொருட்களிடம். "இந்த ரசத்த யாரும் சூடு பண்ணாண்டாம், இப்பத்தான் எறக்குனது" என்று இன்பமணி சட்டியிடம் சொல்வாள். "நாளைக்கு ஸ்கூல் லீவு" என்று ஹெப்ரான் காலண்டரிடம் அறிவிப்பான். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி ஒருநாள் மோர் வாங்க வந்தவள் இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

அடைமழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. துணி காயப்போடக் கொல்லைப்புறம் போன இன்பமணி, பாசி பிடித்த துவைகல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். வலது கால் மடங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? "மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டாள். அவனை நேராக அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஹெப்ரானோ குளியலறைக்குள் ஒரே சுருதியில் முழங்கிக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். பேஸ் இன்னும் கீழே இறங்கியதே தவிர நிற்கவில்லை. கடைசியில் மதிலுக்கு அந்தப்புறம் இருந்த ஞானசௌந்தரிக்குத்தான் கேட்டது. அவள் ஓடிவந்து குளியலறைக் கதவைத் தட்டின தட்டில் தாழ்ப்பாள் ஆடியது.

"சார், பாட்ட நிறுத்துங்க! உங்க அத்தை விழுந்து கெடக்காவ!"

அவன் ஈரத்தலையோடு ஓடிவந்து அவளைத் தூக்கி, கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினான். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஞானசௌந்தரி நின்றுகொண்டாள். மாமியாரும் மருமகனும் ஒரே சீட்டில், நடுவில் ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்தபடி போனார்கள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வலி இன்பமணியின் கூச்சத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டது.

"எத்தன தடவ கூப்பிட்டேன் மாப்பிள்ளை. பாட்டுல ஒங்களுக்குக் காதே கேக்கல."

"மன்னிச்சிருங்க அத்தை. உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான் சத்தமா..."

"எனக்கா?"

"என் பாட்டக் கேட்டாத்தான் ஒங்களுக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்குன்னு கெசியா சொன்னாளே."

இன்பமணி காலை மறந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் அவகிட்டச் சொன்னது வேற."

"என்ன சொன்னிய?"

"இப்ப என்னத்துக்கு அது."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"கெணத்துக்குள்ள எரும விழுந்த மாதிரி இருக்கு, கொஞ்சம் பையப் பாடச் சொல்லுட்டின்னேன்."

ஆட்டோக்காரரின் தோள் குலுங்கியது. ஹெப்ரான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினான்.

எலும்பு முறியவில்லை, சவ்வுதான் பிசகியிருக்கிறது என்று டாக்டர் கட்டுப்போட்டு அனுப்பினார். கொஞ்ச நாளைக்குக் கால் ஊன்றக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஹெப்ரான் முன்னறையிலிருந்த நாற்காலியைத் தூக்கி அடுப்படியில் போட்டு, அதில் அவளை உட்காரவைத்தான். மருமகன் நிற்க, தான் உட்கார்ந்திருப்பது இன்பமணிக்கு முள்ளின்மேல் இருக்கிற மாதிரி இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள்.

அவளை எப்படியாவது சந்தோஷப்படுத்த வேண்டும் என்று ஹெப்ரானுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் வடிக்கிறாளே, அவளுக்குப் பிடித்தது அதுதான் என்று நினைத்திருந்தான். "அத்தை, மத்தியானத்துக்கு உளுந்தஞ்சோறு வச்சிருவமா? நீங்க சொல்லச் சொல்ல நான் செய்யுதேன்."

இன்பமணியின் முகம் சுண்டிவிட்டது. "ஒங்களுக்கு ஆசையா இருந்தா செய்யுங்க மாப்பிள்ளை. எனக்குப் பழையது இருக்கு."

"ஏன், நீங்க சாப்பிட மாட்டியளா?"

"உளுந்து வாடையே எனக்கு ஆகாது. ஒங்களுக்கு உசுருங்கதுனாலதான மூக்கப் பொத்திக்கிட்டு வடிக்கேன்."

ஹெப்ரான் கையிலிருந்த உளுந்து டப்பாவைக் கீழே வைத்தான். "அத்தை, வாரத்துக்கு ஒருநாள் போதும்னு சொல்லச் சொல்லி நான் அவகிட்டக் கெஞ்சினேன்."

"ஒருநாள் விட்டு ஒருநாள் வேணும்னு கேக்கியன்னு சொன்னாளே!"

"அப்ப இந்த வீட்டுல உளுந்தஞ்சோறு யாருக்குத்தான் பிடிக்கும்?"

இன்பமணி யோசித்தாள். "அவளுக்குத்தான். சின்னப்பிள்ளையில இருந்தே சட்டிய வழிச்சுத் திம்பா."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பின் முடிவில் விக்கல்போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. கெசியாவின் சிரிப்பும் அப்படித்தான் முடியும். அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் கேட்டுப் பல மாதம் ஆகிறது என்பது ஹெப்ரானுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

வாய் திறந்தபிறகுதான் தெரிந்தது, இன்பமணி லேசுப்பட்ட ஆள் இல்லை. அவன் உப்பைக் கரண்டியில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து அளந்து போடுவதைப் பார்த்து, "சோறாக்குதியளா, பிள்ளைகளுக்குப் பிராக்டிக்கல் நடத்துதியளா?" என்று கேட்டாள். அவன் வைத்த குழம்பை ஒரு வாய் தின்றுவிட்டு, "காலு சீக்கிரம் கொணமாயிரும். இதச் சாப்பிடுததுக்குப் பதிலா எந்திரிச்சு நடந்துறலாம்" என்றாள். அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய ஊன்றுகோலைக் கையில் கொடுத்து, "அத்தை, லெஃப்ட், ரைட்" என்று கட்டளை போட்டான். பாட்டை மாலை நேரத்துக்கு மாற்றி, அதுவும் மெல்லப் பாடினான். "இப்பப் பரவாயில்ல. கன்னுக்குட்டி அளவுக்கு எறங்கிட்டு" என்று அவளிடமிருந்து சான்றிதழ் கிடைத்தது.

கால் விஷயத்தைக் கெசியாவிடம் சொல்வதில்லை என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். அங்கே இருந்துகொண்டு அவள் என்ன செய்ய முடியும்? சும்மா கிடந்து தவிப்பாள்.

ஒரு சாயங்காலம், மாமியாரும் மருமகனும் கருவாட்டுக்குப் புளி எவ்வளவு என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஹெப்ரான் ஸ்பீக்கரில் போட்டான். கரகரவென்ற இரைச்சலுக்குள் கெசியாவின் குரல்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கியளா? நான் ரொம்ப நல்லா இருக்கேன். குளிர்லாம் ஒண்ணும் பெருசாத் தெரியல. சாப்பாடு பிரமாதம். சும்மா ஊட்டிக்கு டூர் வந்த மாதிரிதான் இருக்கு."

வழக்கமாக அவள் சொல்வதுதான். வழக்கமாக அதைக் கேட்டு இருவரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். இப்போது ஹெப்ரான் இன்பமணியைப் பார்த்தான். இன்பமணி அவனைப் பார்த்தாள். எருமைச் சத்தத்தை இன்னிசையாக்கியவள் அல்லவா பேசுகிறாள்! அப்படியானால் இந்த ஊட்டி எதிலிருந்து வந்தது? இத்தனை மாதமாக அவள் சொன்ன "நல்லா இருக்கேன்"களை எல்லாம் ஹெப்ரான் மனதுக்குள் திருப்பிப் பார்த்தான். 

இன்பமணி கண்ணாலேயே, கேளுங்க என்றாள்.

"ஏளா கெசியா, நீ எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னென்ன மாத்திச் சொன்னேன்னு எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"யாரு சொன்னா?"

"அத்தைதான்."

"அம்மாவா? ஒங்ககிட்டயா? நேராவா?" அவள் குரல் துள்ளியது.

"அத விடு. நாங்க கோவிக்கல. இப்பச் சொன்னியே, ஊட்டி, கீட்டின்னு. அதையும் மாத்தாமச் சொல்லு, பாப்போம்."

இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று ஹெப்ரான் போனைத் தூக்கிப் பார்த்தான்.

"மூச்சு முட்டுது அத்தான்" என்றாள் கெசியா. குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "நாலு எட்டு வச்சா நெஞ்சு அடைக்குது. எது தின்னாலும் ருசியே இல்ல. நேத்து ஒரு பையனத் தூக்கிட்டு வந்தாங்க. பனியில வெரலெல்லாம் கறுத்துப்போயி. நாங்குநேரிப் பையன். மயக்கத்துல தமிழ்ல அம்மா, அம்மான்னான். நான் கையப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணும் இல்லலே, ஒண்ணும் இல்லலேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வெரல் தப்பிச்சிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் ஸ்டோர் ரூமுக்குள்ள போயி நான் ஒரு பாட்டம் அழுதேன்."

 இன்பமணி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழுதா என்னட்டி, தப்பா? அழு. நானும் ஒண்ணு சொல்லணும். துவைகல்லுகிட்ட வழுக்கி, கால்ல கட்டுப்போட்டு ஒக்காந்திருக்கேன்."

"அத்தை!" என்று ஹெப்ரான் பதறினான்.

"சொல்லட்டும் மாப்பிள்ளை. அவ மட்டும் நெசம் பேசணும், நாம பேசாண்டாமா?"

"என்னது?" கெசியாவின் அழுகை நின்ற இடம் தெரியவில்லை. பேசியது கேப்டன். "எந்தக் காலு? எக்ஸ்ரே எடுத்தாச்சா? வீக்கம் வடிஞ்சிருக்கா? கால் வெரல் என்ன நெறத்துல இருக்கு? அத்தான், நீங்க எதுக்கு அங்கன இருக்கிய?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்..."

"கட்டு இறுக்கமா இருக்கான்னு பாத்தியளா? கால ஒசரத் தூக்கி வச்சிருக்கியளா? எத்தன தலகாணி?"

"ஒண்ணு."

"பத்தாது. இன்னொண்ணு வைங்க. இப்பவே."

"நான் அன்னைக்கே சொன்னேன் கெசியா, அத்தைதான் வேண்டாம்னுட்டாவ."

"எப்ப சொன்னிய? நீங்க சொன்னது ஐஸ் வைக்க" என்றாள் இன்பமணி.

"ஐஸும் சொன்னேன், தலகாணியும் சொன்னேன்."

"ஒங்க தலகாணி எண்ணெய் நாறுதுன்னுதான் வேண்டாம்னேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு.

"ஒவ்வொருத்தராப் பேசணுமா, கெசியா?" என்றான் ஹெப்ரான்.

"வேண்டாம். அப்படியே பேசுங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர்கள் பேசினார்கள். தலையணை உறையை யார் துவைப்பது என்பதில் தொடங்கி, கருவாட்டுப் புளிக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு முறுக்கு யார் பிழிவது என்பதில் வந்து நின்றார்கள். ஹெப்ரான் பேசிக்கொண்டே எழுந்துபோய் ஞானசௌந்தரி வீட்டில் ஒரு புதுத் தலையணை இரவல் வாங்கிவந்து, மாமியாரின் காலைப் பதமாகத் தூக்கி அதன்மேல் வைத்தான். போனைப் பார்த்தபோது திரை அணைந்திருந்தது. லைன் எப்போது அறுந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"முறுக்கு வரைக்கும் கேட்டிருப்பாளா?" என்றாள் இன்பமணி.

"கேட்டிருப்பா அத்தை."

"எதுக்கும் ஒருதடவ அடிச்சுப் பாருங்க. கெடைக்காட்டியும் பரவாயில்ல."