எண்ணெய் வைக்கும் நேரம்

சீயக்காயைக் கரைத்துக்கொண்டிருந்த சரிதா, பந்தலுக்கு வெளியே கணவன் வெற்றிவேலின் தணிந்த குரல் கேட்டு நிமிர்ந்தாள்.

“இன்னைக்குன்னு பாத்தா வருவீங்க? கருமாதி முடியட்டும் சார். அதுவரைக்கும் அவ இங்க இருந்தாவணும்.”

“எனக்கென்னப்பா தெரியும்? தெருமுனையில பேனரப் பாத்தப்பறம்தான் சாவு வீடுன்னே தெரிஞ்சிது” என்றார் கையில் காகிதத்தோடு நின்ற கோர்ட் அமீனா.

சரிதா கையைத் துடைத்துக்கொண்டு அருகில் போனாள்.

“நான்தாங்க சரிதா. இன்னா பேப்பரு?”

அவர் வெற்றிவேலைப் பார்த்தார். “விவாகரத்து சம்மன்மா. இந்த நேரத்துல குடுக்க எனக்கே சங்கட்டமா இருக்கு.”

சரிதா அதை வாங்கிப் படித்தாள். மனைவி இரண்டு வருடத்துக்கும் மேலாகத் தன்னைக் கைவிட்டுத் தனியே வசிப்பதாக மனுவில் எழுதியிருந்தான். அவள் வசிப்பதாகக் கொடுத்திருந்த முகவரி, முதலியார்பேட்டையில் அவன் அம்மாவின் இதே வீடு.

‘அம்மா படுத்துட்டாங்க, உன்ன விட்டா யாரு இருக்கா?’ என்று, இருவரும் குடியிருந்த ஓசூரிலிருந்து அவளை பஸ் ஏற்றிவிட்டவனே அவன்தான். அன்றிலிருந்து மாமியார் ராஜாம்பாளைப் புரட்டிப் படுக்கவைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, கஞ்சி ஊட்டியது அவள். அவன் போன் செய்வது குறைந்தபோதுகூட, ‘வேலை அதிகம் போலருக்கு அத்தை’ என்று கிழவியைத் தேற்றியதும் அவள்தான்.

“உள்ள போ. அப்பறம் பேசிக்கலாம்” என்றான் வெற்றிவேல்.

சரிதா நாத்தனார் கார்குழலியைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்களுக்கும் தெரியுமா அண்ணி?”

கார்குழலி நிறைந்திருந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினாள்.

சரிதா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சில் கிடத்தியிருந்த அத்தையின் தலைமாட்டுக்கு வந்து நின்றாள்.

“மவனும் மருமவளும் சேந்து வந்து எண்ண வையுங்க!” சடங்கு செய்யும் கொளஞ்சி குரல் கொடுத்தார்.

வெற்றிவேல் வந்து பக்கத்தில் நின்றான். சரிதா விலகினாள்.

“இன்னாம்மா, தள்ளிப் போற?” என்றார் கொளஞ்சி.

“அவரே வைக்கட்டும்ணா. நான்தான் அவர விட்டுட்டுப் போயிட்டனாமே. கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காரு.”

மேளம் அடித்தவர்களின் கை நின்றது. வெற்றிவேல் யாரையும் பார்க்காமல் எண்ணெயை அள்ளித் தாயின் உச்சியில் வைத்தான். அள்ளியது அதிகமாகி நெற்றியில் வழிந்து கண்ணை நோக்கி இறங்கியது.

சரிதா குனிந்து, கண்ணுக்குள் போகுமுன் முந்தானையால் ஒற்றியெடுத்தாள்.